பொண்ணு யுனிவர்சிட்டி சேர்ந்து மூணு வாரம், தினம் ராத்திரி அழுதுகிட்டே போன்... நான் என்ன பண்ணட்டும்?

மாலைவெயில்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்கறதோட சரி, எழுதறது இதான் முதல் தடவை. என் பொண்ணு யுனிவர்சிட்டி சேர்ந்து மூணு வாரம் ஆகுது. வீட்ல இருந்து ஒரு ராத்திரி பிரயாணம் பண்ற தூரம், ஹாஸ்டல்ல இருக்கா. முதல் ரெண்டு நாள் போட்டோவா அனுப்பித் தள்ளினா, ரூம், ஜன்னல், ரூம்மேட்டோட ஒண்ணு, லைப்ரரி வாசல்ல ஒண்ணுன்னு. நாலாவது நாள்ல இருந்து ராத்திரி பத்தரைக்கு மேல போன் வருது, எடுத்தா பேச்சே இருக்காது, மூக்கை உறிஞ்சற சத்தம் மட்டும் கேக்கும், அப்பறம் மெதுவா "அம்மா எனக்கு இங்க பிடிக்கல, வந்து கூட்டிட்டுப் போயிடு"ம்பா. நானும் இந்தப் பக்கம் அழுதுடறேன். அவங்கப்பா "போனை வை, தானா பழகிடுவா"ங்கறாரு. அவரு சொல்றது சரின்னு புத்திக்குத் தெரியுது, மனசு கேக்க மாட்டேங்குது.

முந்தாநாள் ஒண்ணு சொல்லிட்டேன். "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாரு கண்ணு, அப்பவும் பிடிக்கலன்னா அம்மாவே வந்து கூட்டிட்டு வந்துடறேன்"னு. சொன்ன உடனே அவ அழுகை நின்னுச்சு, எனக்கும் நெஞ்சுல இருந்து எதையோ இறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. ஆனா அன்னிக்கி ராத்திரில இருந்து தூக்கமே இல்ல, சொன்னது சரியா தப்பான்னு. விருப்பப்பட்டுத்தான் அந்தப் படிப்ப எடுத்தா, நாங்க யாரும் திணிக்கல. இதைத் தாண்டி வந்தவங்க யாராவது சொல்லுங்க.


விடுதிவாசல்:

வணக்கம்மா. நான் 19 வருஷம் ஹாஸ்டல் வார்டனா இருந்து ரிட்டயர் ஆனவன். நீங்க எழுதினத படிச்சதும் காரிடார்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. முதல் மாசம் பத்து மணிக்கு மேல மாடிப்படியில, துணி காயப்போடற இடத்துல, மொட்டை மாடிக் கதவுகிட்டன்னு போனும் கையுமா புள்ளைங்க நிக்கும், பாதிப் பேரு கண்ணத் தொடச்சிகிட்டு. பகல்ல க்ளாஸ் இருக்கு, சுத்தி ஆள் இருக்கு, ஒண்ணும் தெரியாது. ராத்திரி லைட்ட அணைச்சதும் வீடு வந்து பக்கத்துல உக்காந்துக்கும். அதனாலதான் எல்லா போனும் அந்த நேரத்துல வருது.

உங்களுக்கு அந்தப் பக்கம் நடக்கறது தெரியாது, நான் பாத்தத சொல்றேன். உங்ககிட்ட அழுது முடிச்சு போனை வச்ச புள்ள, முகத்தக் கழுவிட்டு பக்கத்து ரூம்ல போய் உக்காந்து கால் மணி நேரத்துல சிரிச்சிகிட்டு இருக்கும். பாரத்த உங்ககிட்ட இறக்கி வச்சிடுச்சு, அதுக்கு லேசாயிடுச்சு. நீங்க அத விடிய விடிய சுமந்துகிட்டு முழிச்சிருக்கீங்க. எல்லாப் புள்ளைக்கும் இப்படித்தான்னு சொல்ல மாட்டேன், ஆனா நான் பாத்ததுல பெரும்பாலும் இப்படித்தான். அடுத்த நாள் காலைல "நேத்து ராத்திரி எப்ப தூங்கின"ன்னு ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்க, பதில்லயே தெரிஞ்சிடும்.

இப்ப அந்த மாசக் கடைசி விஷயம். அதத்தான் கொஞ்சம் யோசிக்கணும். வீட்டை விட்டுத் தங்கப் போற புள்ளைங்களுக்கு வர்ற வீட்டு ஏக்கத்த பத்தி 2007ல அமெரிக்காவோட குழந்தை மருத்துவர்கள் அகாடமி ஒரு அறிக்கை போட்டாங்க, கிறிஸ்டோபர் தர்பர், எட்வர்ட் வால்டன்னு ரெண்டு பேரு எழுதினது. சின்னப் புள்ளைங்க கேம்ப் போறது, ஆஸ்பத்திரில தங்கறது எல்லாம் சேத்துத்தான் எழுதியிருக்காங்க, ஆனா விஷயம் இதேதான். "பிடிக்கலன்னா வந்து கூட்டிட்டு வந்துடறேன்"னு மட்டும் வாக்குக் குடுக்காதீங்கன்னு அதுல தெளிவா இருக்கு. ஏன்னா அந்த வாக்குல, உன்னால சமாளிக்க முடியும்னு அம்மாவுக்கே நம்பிக்கை இல்லன்னு ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. அப்பறம் புள்ள அந்த எடத்துல காலூன்றாம காலண்டர எண்ண ஆரம்பிச்சிடும். பெட்டியப் பாதிதான் பிரிக்கும். புதுசா ஒருத்தர்கிட்ட பேசப் போகாது, எதுக்கு, மாசக் கடைசில போயிடப் போறோமேன்னு. தேதி வந்ததும் நீங்க வாக்கு மீறணும், இல்ல புள்ளையப் பாதில கூட்டிட்டு வரணும்.

நீங்க சொன்னது பாசத்துல சொன்னது, உங்க மேல குத்தம் சொல்லல. எனக்கும் ரெண்டு பொண்ணுங்க.


நீலாம்பல்:

எங்க வீட்லயும் இதேதான் அக்கா, பையன். பசங்க அழ மாட்டாங்கன்னு நெனச்சிட்டு இருந்தேன். போன்ல சத்தமே வராம அழுவான், "என்னடா"ன்னா "ஒண்ணுமில்ல, சிக்னல் இல்ல"ம்பான். ரெண்டு மாசம் ஆச்சு சரியாக.


நேர்கோடு:

நான் வேற மாதிரி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க படிச்ச காலத்துல வாரம் ஒரு லெட்டர், அதுக்கு பதில் வர பத்து நாள், அந்தப் பத்து நாள்ல அழுத காரணமே மறந்து போயிருக்கும். தினம் போன் எடுக்கறதாலதான் புண்ணு ஆறாம இருக்கு. ஒரு வாரம் எடுக்காதீங்க. கஷ்டப்பட்டாத்தான் கத்துக்கும்.


மூணாம்வருஷம்:

நேர்கோடு அங்கிள், நீங்க சொல்றதுல ஒரு பாதிய ஒத்துக்கறேன், ஆனா போனே எடுக்காதீங்கன்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க. நான் இப்ப மூணாவது வருஷம் படிக்கறேன், அந்தப் பக்கம் போனைப் பிடிச்சிகிட்டு நின்னது நான்தான். முதல் வருஷம் ஒரு நாள் மூணு தடவை கூப்பிட்டும் அம்மா எடுக்கல, வேணும்னே எடுக்கலன்னு அப்பறம்தான் தெரிஞ்சுது, யாரோ இதே மாதிரி சொல்லியிருக்காங்க. அன்னிக்கி ராத்திரி எனக்கு தைரியமெல்லாம் வரல. வீட்டுக்குக் கூட நான் வேண்டாதவளா ஆயிட்டேன்னுதான் தோணுச்சு, அதுக்கப்பறம் ஒரு மாசம் எதுவுமே வீட்ல சொல்றதில்ல, நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னே சொல்லிட்டு இருந்தேன். அம்மா அதப் பாத்து பழகிட்டான்னு நெனச்சாங்க.

மாலைவெயில் ஆண்ட்டி, எனக்கு எது உதவியா இருந்துச்சுன்னா, ஒரு கட்டத்துல அம்மா கேக்க ஆரம்பிச்சாங்க, "இப்ப நான் சும்மா கேட்டுகிட்டா போதுமா, இல்ல எதாவது செய்யணுமா"ன்னு. முக்கால்வாசி நேரம் கேட்டா போதும்னுதான் சொல்லியிருக்கேன். அதுக்கு முன்னாடி நான் வாயத் தொறந்ததும் "வார்டன்கிட்ட சொன்னியா, ரூம் மாத்திக் கேளு, யோகா பண்ணு"ன்னு வரிசையா வரும், நான் சொல்ல வந்தது தொண்டையிலயே நின்னுடும்.

இன்னொன்னு, இத எப்படி சொல்றதுன்னு தெரியல... "நீ போனதுல இருந்து வீடே வெறிச்சோடிக் கிடக்கு, உன் ரூம் பக்கம் போகவே முடியல"ன்னு சொல்லாதீங்க ஆண்ட்டி. உண்மையா இருக்கலாம். ஆனா அதக் கேட்டா நான் இங்க கொஞ்சம் சந்தோஷமா இருந்தா கூட ஏதோ துரோகம் பண்ற மாதிரி இருக்கும். அதுக்காக என் ரூமை ஒரே மாசத்துல தம்பிக்கு குடுத்துட்டதும் வலிச்சுது. லீவுக்குப் போனா என் கட்டில் இல்ல. குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேன்.


மாலைவெயில்:

மூணாம்வருஷம் கண்ணு, நீ எழுதினத மூணு தடவை படிச்சேன். வீடு வெறிச்சுன்னு இருக்குன்னு நான் தினம் சொல்லிட்டு இருக்கேன். அவ மேல பாசமா இருக்கேன்னு தெரியட்டும்னுதான் சொன்னேன்.

ஐயா, அந்த வாக்க இப்ப எப்படித் திருப்பி வாங்கறது? பொய் சொன்ன மாதிரி ஆகிடாதா?


விடுதிவாசல்:

மறைக்காம நேரா சொல்லிடுங்கம்மா. "அன்னிக்கி நீ அழுதது தாங்காம சொல்லிட்டேன், அது சரியில்லன்னு இப்ப தோணுது. உன்னால முடியாதுன்னு நான் நெனைக்கல. இந்தத் தேதியில நான் உன்னப் பாக்க வரேன், கூட்டிட்டு வர இல்ல, உன்கூட இருக்க. படிப்பு பத்தி முடிவு எடுக்கணும்னா செமஸ்டர் முடிஞ்சப்பறம் மூணு பேரும் உக்காந்து பேசலாம், அப்ப நீ என்ன சொன்னாலும் காது குடுத்துக் கேப்போம்"னு. கதவ மொத்தமா சாத்த வேண்டாம். சாத்தினா மூச்சு முட்டும். ஆனா அழற நேரத்துல அந்தக் கதவு வழியா ஓடக் கூடாது, அவ்வளவுதான்.

பாக்க வர்ற தேதிய ரொம்பக் கிட்டவும் வச்சிடாதீங்க. முதல் வாரக் கடைசிலயே வீட்டுக்குப் போன புள்ளைங்க திரும்பி வந்து மறுபடி முதல் நாள்ல இருந்து ஆரம்பிக்கறத நெறைய பாத்திருக்கேன். ஏன்னா மத்த புள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சிக்கறதே அந்த சனி ஞாயிறுலதான்.


கரும்பலகை:

நான் யுனிவர்சிட்டில முதல் வருஷ மாணவர்களுக்கு பாடம் எடுக்கறேன். ஹாஸ்டல் பத்தி ஐயா சொல்லிட்டாரு, க்ளாஸ் பக்கம் நடக்கறத நான் சொல்றேன், ஏன்னா நெறைய அழுகைக்கு வேரு அங்கதான் இருக்கு, புள்ளைங்க அத "வீட்டு ஞாபகம்"னு பேர் மாத்தி சொல்லும்.

உங்க பொண்ணு ஸ்கூல்ல நல்லா படிச்சவளா இருந்திருப்பா. இங்க வந்து பாத்தா பக்கத்துல உக்காந்திருக்கற எல்லாருமே அவங்கவங்க ஸ்கூல்ல நல்லா படிச்சவங்க. அதே மூளை, அதே உழைப்பு, ஆனா சுத்தி இருக்கறவங்க மாறினதும் தன்ன பத்தின மதிப்பு சரிஞ்சிடும். ஹெர்பர்ட் மார்ஷ்னு ஒரு கல்வி உளவியலாளர் 1980கள்லயே இத விவரமா ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காரு, சின்னக் குளத்துல பெரிய மீனா இருந்தது பெரிய குளத்துக்குப் போனதும் தன்னயே சின்னதா நெனைக்கற கதை. கூடவே "நான் இங்க ஏதோ தவறுதலா சேந்துட்டேன், எல்லாரும் கண்டுபிடிச்சிடுவாங்க"ன்னு ஒரு பயம். 1978லயே பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ்னு ரெண்டு உளவியலாளர்கள் இதுக்குப் பேர் வச்சு எழுதினாங்க, அவங்க பேசினது படிப்புலயும் வேலையிலயும் சாதிச்ச பெண்கள்கிட்ட. நல்லா செய்யறவங்களுக்கே வர்ற பயம் இது.

இதுக்கு ஒரு மருந்து மாதிரி ஒரு விஷயம் இருக்கு, நான் என் க்ளாஸ்ல வருஷா வருஷம் பண்றேன். கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் ரெண்டு பேரும் 2011ல வெளியிட்ட ஆராய்ச்சி. முதல் வருஷ மாணவர்களுக்கு சீனியர்கள் எழுதினத படிக்கக் குடுத்தாங்க, "எனக்கும் முதல்ல இங்க ஒட்டல, எல்லாருக்கும் அப்படித்தான், கொஞ்ச நாள்ல மாறிடுச்சு"ங்கற மாதிரி. மொத்தமே ஒரு மணி நேரம்தான். மூணு வருஷம் தொடர்ந்து பாத்தப்ப, அந்தக் கேம்பஸ்ல சிறுபான்மையா இருந்த கறுப்பின மாணவர்களோட மார்க் நல்லாவே ஏறியிருந்துச்சு, மத்தவங்களோட இருந்த இடைவெளி பாதியாக் கொறஞ்சிடுச்சு. அவங்களுக்கு யாரும் கூடுதலா பாடம் சொல்லித் தரல. "எனக்கு மட்டும்தான் இப்படி"ங்கற எண்ணத்த எடுத்து விட்டாங்க. அதனால அம்மா அப்பா "உனக்கு என்னடி கொறச்சல்"னு சொல்றத விட "இந்த மாசம் உன் க்ளாஸ்ல பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும், வெளிய காட்டிக்கல"ன்னு சொல்றது ரொம்ப உதவும்.

முதல் டெஸ்ட் மார்க் வந்ததும் ஒரு அதிர்ச்சி இருக்கும், இப்பவே தயாரா இருங்க. ஸ்கூல்ல டீச்சர் நோட்ஸ் குடுப்பாங்க, திருப்பித் திருப்பிப் படிச்சா போதும். இங்க க்ளாஸ்ல நடக்கறது கொஞ்சம்தான், மீதிய தானா படிக்கணும்னு பாதிப் பேருக்கு யாரும் சொல்றதே இல்ல. ஐரோப்பிய கிரெடிட் முறையில ஒரு வருஷத்துக்கு 60 கிரெடிட், ஒவ்வொண்ணுக்கும் 25ல இருந்து 30 மணி நேர உழைப்புன்னு கணக்கு, க்ளாஸ்ல உக்கார்றது, தனியா படிக்கறது எல்லாம் சேத்து. அப்ப வருஷத்துக்கு 1500ல இருந்து 1800 மணி நேரம், ஏறக்குறைய ஒரு முழுநேர வேலை. வேற முறையில கணக்கு கொஞ்சம் மாறும், ஆனா க்ளாஸுக்குப் போனா மட்டும் போதும்ங்கற முறை எனக்குத் தெரிஞ்சு எங்கயும் இல்ல. படிக்கற விதமும் மாறணும். புக்க மூடிட்டு தன்னத் தானே கேள்வி கேட்டுப் பாக்கறது, திரும்ப வாசிக்கறத விட ஒரு வாரம் கழிச்சும் நெனவுல நிக்கும்னு 2006ல ரோடிகர், கார்பிக்கி நடத்தின சோதனையில வந்துச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டா திரும்ப வாசிச்சவங்கதான் ஜெயிச்சாங்க, ஒரு வாரம் கழிச்சுக் கேட்டப்பதான் தலைகீழ் ஆச்சு, புள்ளைங்க ஏமாந்து போறதும் அங்கதான்.

மார்க் கம்மியாச்சுன்னு உங்ககிட்ட சொன்னா முதல்ல "சொன்னதுக்கு தேங்க்ஸ்டா"ன்னு சொல்லுங்க. அடுத்த தடவையும் உங்ககிட்ட சொல்லணும் இல்லையா. அப்பறமா "பேப்பர எடுத்துகிட்டு அந்த சார்கிட்ட போய் எங்க தப்புன்னு கேட்டியா"ன்னு கேளுங்க. எங்க ரூமுக்கு வந்து கேக்கறவங்க ரொம்பக் கம்மி, வர்றவங்கள நாங்க திட்டறதில்ல, உக்காத்தி வச்சு சொல்லித் தருவோம்.


இருட்டுக்கடல்:

மேடம் சொன்னதும் எனக்கு உறுத்தற ஒண்ண எழுதிடறேன். என் பையன் முதல் செமஸ்டர்ல ஒரு அசைன்மெண்ட் லேட்டா குடுத்தான், மார்க் போடல. என்கிட்ட புலம்பினான். நான் அவனுக்குத் தெரியாம டிபார்ட்மெண்டுக்கு போன் பண்ணி ஹெட்கிட்ட பேசிட்டேன், கொஞ்சம் சத்தமாவே. அவங்க மரியாதையா "18 வயசு முடிஞ்ச மாணவரோட விவரத்த அவர் சம்மதம் இல்லாம பேச முடியாது"ன்னு சொல்லிட்டாங்க. பல நாட்டுல இதுதான் சட்டமே, ஃபீஸ் கட்டறது நாமளா இருந்தாலும் சரி.

அதோட போயிருந்தா பரவாயில்ல. அடுத்த க்ளாஸ்ல அந்த லெக்சரர் அவனத் தனியா கூப்பிட்டு "உங்கப்பா போன் பண்ணாரு"ன்னு சொல்லியிருக்காரு. அவன் என்கிட்ட கோவப்படல. "இனிமே உங்ககிட்ட எதுவும் சொல்ல மாட்டேன்பா"ன்னு சாதாரணமா சொன்னான். அதுக்கு ஒரு திட்டு வாங்கியிருக்கலாம்னு இருந்துச்சு. திரும்ப அவன் மனசு விட்டுப் பேச ஏழெட்டு மாசம் ஆச்சு. நான் செய்ய வேண்டியதா இருந்தது, அவன் எழுதற மெயில அவன் கேட்டா ஒரு தடவை படிச்சுப் பாத்து சொல்றது. அவ்வளவுதான். அவசரத்துக்கு வீட்டுக்கு விவரம் சொல்லணும்னா அவனே ஆபீஸ்ல எழுதிக் குடுத்து வைக்கலாம், அத சேரும்போதே பேசி வச்சுக்கோங்க, நல்லா இருக்கும்போதே.


நேர்கோடு:

போன் எடுக்காதீங்கன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். அந்தப் பொண்ணு எழுதினது மனச என்னமோ பண்ணிடுச்சு. என் பையன்கிட்டயும் நான் அப்படித்தான் இருந்தேன், அவன் இப்ப வேலைக்குப் போயிட்டான், போன் பண்ணா மூணு நிமிஷத்துல வச்சிடுவான். இப்பதான் ஏன்னு யோசிக்கறேன்.


கேட்குமரம்:

நான் மாணவர் ஆலோசகரா வேலை பாக்கறேன், அதனால பொதுவா மட்டும் சொல்றேன், உங்க பொண்ணப் பாக்காம அவளுக்கு இதுதான்னு நான் சொல்லக் கூடாது. வீட்டு ஏக்கம் அலை மாதிரி, வரும் போகும், நடுவுல சிரிப்பு இருக்கும், க்ளாஸ் போவாங்க, பசிக்கும். பெரும்பாலும் வாரம் போகப் போக கொறையும். ஆனா கீழ சொல்றது ரெண்டு வாரத்துக்கு மேல நாள் முழுக்க தொடர்ந்தா அது வேற: பகல்லயும் எழுந்திரிக்க முடியல, குளிக்கல, சாப்பாடு எறங்கல, முன்னாடி பிடிச்ச எதுவும் பிடிக்கல, அழக் கூட வரல, எல்லாம் மரத்துப் போன மாதிரி பேசறது. அழற புள்ளைய விட அழறத நிறுத்திட்டு அமைதியான புள்ளையப் பாத்துதான் நான் அதிகம் பதறுவேன்.

இந்த வயச லேசா எடுத்துக்காதீங்க. 2005ல ரொனால்ட் கெஸ்லர் குழு அமெரிக்காவுல எடுத்த பெரிய கணக்கெடுப்புல, வாழ்நாள்ல வர்ற மனநலக் கோளாறுகள்ல பாதி 14 வயசுக்குள்ளயும் முக்கால்வாசி 24 வயசுக்குள்ளயும் ஆரம்பிக்குதுன்னு வந்துச்சு. அப்ப முதல் வருஷம் ஒரு புள்ள ஒடிஞ்சா அது சோம்பேறித்தனம், நடிப்புன்னு முடிவு பண்ணாம டாக்டர்கிட்ட காட்டணும்.

"நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" மாதிரி எதாவது வந்தா சுத்தி வளைக்காம நேரா கேளுங்க, "செத்துப் போகணும்னு தோணுதாம்மா"ன்னு. கேட்டா அந்த எண்ணத்த நாமளே விதைச்ச மாதிரி ஆயிடும்னு பயப்படறாங்க, அது தப்பு, ஆராய்ச்சிகள் அப்படி சொல்லல, உலக சுகாதார நிறுவனமும் அத தவறான நம்பிக்கைன்னுதான் சொல்லுது. ஆமான்னு பதில் வந்தா போன வைக்காதீங்க, இன்னொரு போன்ல வார்டன், இல்ல அங்க பக்கத்துல இருக்கற யாரையாவது உடனே அந்த ரூமுக்குப் போகச் சொல்லுங்க, அந்த ஊர் அவசர நம்பருக்குக் கூப்பிடுங்க, அப்பறம் நீங்க கிளம்புங்க. அந்த நிலைமையில ஐயா சொன்ன செமஸ்டர் முடியட்டும்ங்கறது எல்லாம் கிடையாது. இதுக்காகவாவது ரூம்மேட் ஒருத்தர் நம்பர், வார்டன் நம்பர் உங்ககிட்ட இருக்கணும், ஆனா பொண்ணுக்குத் தெரிஞ்சு வாங்குங்க, வேவு பாக்கறதுக்கு உபயோகிக்காதீங்க.


திரும்பியபாதை:

கூட்டிட்டு வந்த கதையும் ஒண்ணு இருக்கட்டும், அதனால எழுதறேன். என் பொண்ணு முதல் வருஷம் நடுவுல வீட்டுக்கு வந்துட்டா. டாக்டர் சொல்லித்தான் வந்தா, மேல அந்த சகோதரி சொன்ன மாதிரி மரத்துப் போயிட்டா. அப்ப எங்களுக்குத் தெரியாம நடந்த தப்பு ஒண்ணு, அவ பாட்டுக்குக் கிளம்பி வந்துட்டா, நாங்களும் உடம்பு தேறட்டும்னு விட்டுட்டோம். வராத நாள் எல்லாம் ஆப்சென்ட், எழுதாத பரீட்சை எல்லாம் ஃபெயில்னு ரெக்கார்டுல ஏறிடுச்சு. ஒரு மெடிக்கல் லெட்டரோட முறையா லீவ் கேட்டிருந்தா சீட்டும் நின்னிருக்கும், ஃபெயிலும் விழுந்திருக்காது. அப்பறம் அதைச் சரி பண்ண அலைஞ்சது தனிக் கதை. கோர்ஸ் மாத்தறது, பேப்பர் விடறது, லீவ் போடறது எல்லாத்துக்கும் ஒரு கடைசித் தேதி இருக்கும், அந்தத் தேதி தாண்டினா ஃபீஸும் திரும்ப வராது. முதல் வாரத்துலயே அந்தத் தேதிய எல்லாம் காலண்டர்ல குறிச்சு வைங்க, தேவைப்படாமலே போகட்டும்.

ஒரு வருஷம் கழிச்சு அவளே "போறேன்பா"ன்னு சொல்லி அதே எடத்துக்குப் போனா. இப்ப முடிக்கப் போறா. வீட்ல இருந்த அந்த வருஷம் சொந்தக்காரங்க "என்ன திரும்பி வந்துட்டா"ன்னு கேக்கறப்ப எல்லாம் என் மனைவி "உடம்பு சரியில்ல, சரியானதும் போவா"ன்னு ஒரே பதில், தலை குனியாம. பொண்ணு அத ரூமுக்குள்ள இருந்து கேட்டுகிட்டு இருந்திருக்கா, ரொம்ப நாள் கழிச்சு சொன்னா.


நீலாம்பல்:

பண விஷயம் யாரும் சொல்லல, அதையும் பேசணும். மாசத்துக்கு மொத்தமா அனுப்பினா பத்து நாள்ல முடிஞ்சிடும், அதுவரைக்கும் மாசக் கணக்கு பாத்ததே இல்லயே அவங்க. நான் மூணு மாசம் வாரா வாரம் அனுப்பினேன், அப்பறம் அவனே மாசத்துக்கு மாத்தச் சொன்னான். ஒரு தடவை தீந்து போனப்ப திட்டல, என்னென்ன செலவாச்சுன்னு எழுதச் சொன்னேன், எழுதினதும் அவனுக்கே புரிஞ்சுது.

முக்கியமா ஒண்ணு சொல்லி அனுப்புங்க. "உன் பேங்க் அக்கவுண்ட கொஞ்ச நாள் குடு, பணம் வரும், எடுத்துக் குடுத்தா கமிஷன்"னு யாராவது வருவாங்க, பல நாட்டுல மாணவர்கள குறி வச்சு நடக்குது. மோசடிப் பணத்தக் கைமாத்தறதுக்கு புள்ளைங்க அக்கவுண்ட் வேணும். மாட்டினா போலீஸ் வர்றது அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கோ அவங்ககிட்ட. என் பையனோட ரூம்ல ஒருத்தன்கிட்டயே வந்து கேட்டிருக்காங்க.


விடுதிவாசல்:

நல்லது சொன்னீங்க. நானும் ஒண்ணு சேக்கறேன், உடம்பு. காய்ச்சல் வந்தா வீட்ல சொல்லாம படுத்துகிட்டு கெடக்கும் புள்ளைங்க. ஒரு தெர்மாமீட்டர், ப்ளட் குரூப், ஒத்துக்காத மருந்து எழுதின ஒரு சீட்டு, இது கையில இருக்கணும். பாராசிட்டமால் பெரியவங்களுக்கு 24 மணி நேரத்துல 4 கிராமுக்கு மேல போகக் கூடாது, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு, அதுவும் நாலு மணி நேரமாவது இடைவெளி விட்டு. சளி மாத்திரை பலதுலயும் அதே மருந்து கலந்திருக்கும், ரெண்டையும் சேத்துப் போட்டுக்கும், ஈரல் கெட்டுடும். காய்ச்சலோட கழுத்து வளைக்க முடியல, வெளிச்சம் கண்ணக் கூசுது, ரொம்பக் கொழப்பமா பேசறாங்க, தோல்ல அழுத்தினா மறையாத புள்ளி தெரியுதுன்னா விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது, மூளைக்காய்ச்சலா இருக்கலாம். கூட்டமா தங்கற புது மாணவர்களுக்கு அந்தக் காய்ச்சல உண்டாக்கற மெனிஞ்சோகாக்கல்ங்கற கிருமி பரவற வாய்ப்பு அதிகம்னுதான் பல நாட்டுல சேர்றதுக்கு முன்னாடி தடுப்பூசி போடச் சொல்றாங்க. போட்டாச்சான்னு பாத்துக்கோங்க.


மாலைவெயில்:

ரெண்டு வாரம் கழிச்சு எழுதறேன். எல்லாரும் சொன்னத ஒரு நோட்டுல எழுதி வச்சுகிட்டேன்.

அந்த வாக்க பத்தி நேரா சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்பறம் "அப்ப நீ என்னக் கூட்டிட்டுப் போக மாட்ட"ன்னு சொல்லி வச்சிட்டா. அந்த ரெண்டு நாள் எனக்குப் போன மாதிரி எதிரிக்குக் கூட போகக் கூடாது. மூணாவது நாள் கூப்பிட்டா. "சும்மா கேட்டுகிட்டா போதுமாம்மா, எதாவது செய்யணுமா"ன்னு மூணாம்வருஷம் சொன்னதையே கேட்டேன். "சும்மா கேளு"ன்னா. முக்கால் மணி நேரம் பேசினா. கரும்பலகை மேடம் சொன்னது அப்படியே இருந்துச்சு, ஒரு பாடத்துல க்ளாஸ்ல எல்லாரும் தலையாட்டறாங்களாம், இவளுக்கு மட்டும் ஒண்ணும் புரியலயாம், அத வெளிய சொல்ல வெக்கப்பட்டுகிட்டு இருந்திருக்கா. நான் எதுவும் யோசனை சொல்லல, நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். அவளே கடைசில "நாளைக்கு அந்த சார்கிட்ட போய்க் கேக்கவா"ன்னு கேட்டா.

போனாளான்னு நான் அடுத்த நாள் கேக்கல. நாலு நாள் கழிச்சு அவளா சொன்னா, வாசல் வரைக்கும் போய் ரெண்டு தடவை திரும்பி வந்துட்டு மூணாவது தடவை போனாளாம். அங்க ஏற்கனவே ஒரு பொண்ணு அதே கேள்வியோட உக்காந்திருந்ததாம். இப்ப ரெண்டு பேரும் சேந்து படிக்கறாங்க.

இன்னும் அழறா, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா தினம் இல்ல. நேத்து பகல் ரெண்டு மணிக்கு போன் வந்துச்சு, எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு, பகல்ல பண்ணவே மாட்டாளே. எடுத்தா, வெள்ளைச் சட்டையில சாயம் ஏறிடுச்சு, எப்படி எடுக்கறதுன்னு கேக்கறா. சொல்லிட்டு வச்சப்பறம் ரொம்ப நேரம் அங்கயே உக்காந்திருந்தேன்.

அவங்கப்பாவும் இப்ப புதன்கிழமை தனியா பேசறாரு. என்ன பேசறாங்கன்னு நான் கேக்கறதில்ல.

விடுதிவாசல் ஐயா, பாக்க வரேன்னு சொன்ன தேதி அடுத்த வாரம் வருது. ரெண்டு மூணு நாள் தங்கட்டுமா, ஒரு நாள் போதுமா? அவ ரூமப் பாத்தா அடுக்கி வைக்காம என்னால இருக்க முடியாது, அதான் பயம்.


விடுதிவாசல்:

ஒரு நாள் போதும்மா. ராத்திரி வெளிய தங்கிக்கோங்க. ரூம்ல துணி கெடந்தா கெடக்கட்டும், கையக் கட்டிகிட்டு உக்காருங்க. அவளோட ஃப்ரெண்ட் அந்தப் பொண்ணையும் வெளிய கூட்டிட்டுப் போங்க, அது வீட்டுல இருந்து யாரும் வந்திருக்காங்களோ என்னவோ. கேம்பஸ அவ சுத்திக் காட்டட்டும், வழி தெரிஞ்சாலும் நீங்க முன்னாடி நடக்காதீங்க. கிளம்பும்போது அழுகை வரும், ரெண்டு பேருக்கும், வந்தா வரட்டும், ஆனா சொன்ன நேரத்துக்குக் கிளம்பிடுங்க.


மாலைவெயில்:

சரிங்கய்யா. சனிக்கிழமை காலைல அங்க இருக்கற மாதிரி டிக்கெட் போட்டுட்டேன். அந்தப் பொண்ணோட பேரு என்னன்னு இப்பதான் மெசேஜ் போட்டுக் கேட்டேன்.